சாதிக் பாய் எழுதாத வரி

காந்திபுரம் டவுன் பஸ்ஸில் ஒருவர் முழங்கைக்கும் இன்னொருவர் டிபன் பாக்ஸுக்கும் நடுவே ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. டெஸ்டிங் பிரிவு மணியன்.

"ஏனுங்க, நம்ம சாதிக் பாய் தவறிட்டாருங்க. காத்தால நெஞ்சு வலிக்குதுன்னாராம். சாயந்தரம் அசர் தொழுகைக்கப்புறம் அடக்கம்ங்க."

கண்ணீர் வந்தது என்று எழுத ஆசைதான். முதலில் வந்தது நிம்மதி. இனி அந்த விஷயம் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது என்ற நிம்மதி. அடுத்த ஸ்டாப் வருவதற்குள் அதுவே பூட்டாக மாறியது. என்னை வெளியே விடக்கூடிய ஒரே ஆள் போய்விட்டார்.

நம் பம்பு கம்பெனியில் அவரை எல்லோருக்கும் தெரியும். "எட்டுக்கெட்டு பாய்" என்று கேன்டீனில் கூப்பிட்டவர்கள் நீங்கள்தான். கூப்பிட்டவர்களில் நானும் ஒருவன். அந்தப் பெயர் வந்த கதையும் உங்களுக்குத் தெரியும். நம் கம்பெனி இதழில் நான் எழுத உட்கார்ந்தது, அந்தக் கதை பொய் என்று சொல்ல.

நம் டெஸ்டிங் ஹாலில் எட்டு மேடை. மேடைக்கு ஒரு பம்பு, பம்புக்கு எட்டு அளவு. ஆக எட்டு வரிசை, எட்டுப் பத்தி, எட்டுக்கெட்டு அட்டவணை. மேடைக்கு மேடை மீட்டரில் சின்னக் கோளாறு இருக்கும். அதைச் சரிக்கட்ட எட்டே எண்கள் கொண்ட ஒரு பட்டியல். சாதிக் பாயின் புரோகிராம் ஒவ்வொரு கட்டமாகப் போய்ச் சரிக்கட்டும். பழைய சோதனைகளையும் அடுக்கிவைத்து ஓட்டினால், முடிவதற்குள் கேன்டீன் போய் வடை தின்று, வம்பு பேசித் திரும்பலாம். நான் பெரும்பாலும் அப்படித்தான் திரும்பினேன்.

ஒருநாள் எனக்கு மேதாவித்தனம் முளைத்தது. சின்னப் பட்டியலைப் பெரிய அடுக்கோடு அப்படியே கூட்டினால், கணினி அதை நகலெடுத்து வைப்பதில்லை. எல்லா இடத்திலும் இருப்பதாகப் பாவித்துக்கொண்டு ஒரே மூச்சில் கூட்டிவிடும். அவருடைய இருபது வரியை அடித்துவிட்டு ஒரு வரி எழுதினேன். கண்ணிமைப்பதற்குள் முடிந்தது. மேலாளர் எல்லோர் முன்னாலும் கை கொடுத்தார். நான் ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்தியே நடந்து, இடுப்பு பிடித்துக்கொண்டது.

மூன்று மாதம் கழித்து ஒரு மேடை ரிப்பேர். அன்று ஏழு பம்பு. பட்டியலிலும் ஏழே எண். ஏழு எண் எட்டுப் பத்தியோடு பொருந்தவில்லை என்று புரோகிராம் நின்றுவிட்டது. சாதிக் பாய் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மாப்ள, விருந்துல எட்டுப் பேரு, இலைக்கு எட்டுக் கறி. மூணாவது ஆளுக்கு உப்பு ஆகாதுன்னு சொன்னா நீங்க என்ன பண்ணியிருக்கீங்க தெரியுங்களா? எல்லாரு இலையிலயும் மூணாவது கறிக்கு உப்புப் போடாம உட்டுப்போட்டீங்க."

அவ்வளவுதான் விஷயம். பட்டியலை வரிசைக்கு ஒரு எண்ணாக நிறுத்தாமல் பத்திக்கு ஒரு எண்ணாகப் படுக்கப் போட்டிருந்தேன். ஆளும் எட்டு, கறியும் எட்டு என்பதால் கணினி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று மாத அறிக்கைகள் அத்தனையும் தப்பு.

"நின்னுதே, அதுக்கு சந்தோசப்படுங்க. நிக்காம ஓடற தப்புதாங்க ஆபத்து" என்றபடி பட்டியலை நிமிர்த்தி வைத்துச் சேமித்தார். அதனால் கோப்பில் கடைசியாக இருந்த பெயர் அவருடையது.

மேலாளர் அதைத்தான் பார்த்தார்; வேகம் என்னுடையது, பட்டியல் பாயுடையது என்று எடுத்துக்கொண்டார். "பாய், உங்க கையிலயா இப்படி?"

சாதிக் பாய் என் பக்கம் திரும்பினார். நான் அந்த நேரம் பார்த்து என் செருப்பின் வாரைப் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். காத்திருந்து பார்த்துவிட்டு, "சரி பண்ணிட்டேனுங்க சார்" என்றார். பொய்யும் இல்லை, காட்டிக்கொடுக்கவும் இல்லை. அவருக்கு வரவேண்டிய புது டெஸ்டிங் ஹாலின் பொறுப்பு எனக்கு வந்தது. அவருக்கு எட்டுக்கெட்டு என்ற பட்டப்பெயர் வந்தது.

சொல்ல முயன்றதே இல்லை என்று நினைக்காதீர்கள். வால்பாறைக்கு நாம் எல்லோரும் போனபோது வேண்டுமென்றே அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொண்டை ஊசி வளைவுகளில் தைரியத்துக்கு முந்தி காலை இட்லி மேலே வந்தது. எலுமிச்சம்பழத்தை என் மூக்கில் வைத்தார்.

"பாய், அந்த எட்டுக்கெட்டு..."

"பேசுனா இன்னும் கொமட்டும், மோந்து பாருங்க." இரண்டு வளைவு கழித்து அவரே மெதுவாகச் சொன்னார்: "அதை எங்கிட்டச் சொல்றதுக்கு என்னங்க இருக்குது? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்டச் சொல்லுங்க."

தெரியாதவர்கள் பஸ் நிறைய இருந்தார்கள், அந்தாக்ஷரி பாடிக்கொண்டு. நான் கண்ணை மூடித் தூங்குவதுபோல் கிடந்தேன்.

போன வாரம் இரங்கல் கூட்டத்தில் மேலாளர் அன்போடுதான் அந்தக் கதையைச் சொன்னார். நீங்கள் அன்போடுதான் சிரித்தீர்கள். முன்வரிசையில் இருந்த சாதிக் பாயின் மகள் நஸ்ரின் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் நேரே என்னிடம் வந்தாள்.

"அங்கிள், அத்தா அப்படியொரு தப்புப் பண்ணாங்களாங்க?"

"ஆபீஸ்ல இதெல்லாம் சகஜம்மா" என்றேன். என் வாயிலிருந்து வந்ததிலேயே அசிங்கமான வாக்கியம் அது. நகைச்சுவை எழுதுகிறேன் என்று திரிகிறவனுக்கு அதைவிட நல்லதாக ஒன்று கிடைக்கவில்லை.

இதுவரை எழுதி முடித்ததும் கோட்டைமேட்டில் சாதிக் பாய் வீட்டுக்குப் போய், நஸ்ரினிடமும் அவள் அம்மாவிடமும் வாசித்துக் காட்டினேன். அம்மா கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். நஸ்ரின் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"எங்களுக்கு அப்பவே தெரியுமுங்க அங்கிள். அன்னைக்கு நீங்க சொல்றதுக்கு ஒரு வழி உடலாம்னுதான் கேட்டேன்."

உள்ளேயிருந்து டீ வந்தது. குடித்தேன். குடிக்காமல் எழுந்து வரவும் முடியவில்லை.

சாதிக் பாயின் பேரில் இருந்தவற்றில் நான் எடுத்துக்கொள்வது அந்த ஒரு வரியை மட்டும். நான் எழுதியது, என்னிடமே இருக்கட்டும். மற்ற எல்லா வரிகளும் அவருடையவை. அவை இன்றும் சரியாக ஓடிக்கொண்டிருக்கின்றன.