செலுத்தாமல் கொண்டுவந்த ஆயிரங்கண் பானை

நான் கௌமாரி ஆத்தாளிடம் சண்டை போட்டவள். அதை மறைத்துவிட்டு இங்கே சாட்சி சொன்னால் அது பொய்.

எங்கள் ஊர் சுருளிப்பட்டி. வீட்டுக்காரருக்குத் திராட்சைத் தோட்டத்தில் வேலை. மகள் கயலுக்கு அப்போது எட்டு வயது; எழுத்துகள் அவளுக்கு இடம் மாறித் தெரியும். மகன் சுடருக்கு ஆறு; பேச்சு குறைவு, ஓரிடத்தில் உட்கார மாட்டான். போன சித்திரையில் பள்ளிக்கூடத்தில் என்னைக் கூப்பிட்டு, இரண்டு பேரையும் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். "மக்குப் பிள்ளைகளால மத்த பிள்ளைக படிப்பும் கெடுது" என்று ஒரு டீச்சர் கயல் காதுபடவே சொன்னார். இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்; அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. சொந்தபந்தமோ, வயிற்றுப்பிள்ளையோடு நான் கிரகணத்தில் வெளியே போயிருப்பேன் என்று பேசியது.

பிள்ளைகளுக்காக வீரபாண்டி கௌமாரிக்கு ஆயிரங்கண் பானை நேர்ந்திருந்தேன். உடம்பெல்லாம் கண்கண்ணாகத் துளை போட்ட மண்பானை. திருவிழா வரிசையில் சுடர் கத்தினான். பின்னால் நின்றவள், இதையெல்லாம் ஏன் கூட்டிக்கொண்டு வருகிறார்கள் என்றாள். அவ்வளவுதான். சன்னதியைப் பார்த்துச் சொன்னேன்: "ஆயிரம் கண்ணு இருந்து என்ன ஆத்தா, எம்பிள்ளைகள ஒரு கண்ணால பாத்தியா? ஒனக்குப் பானை கெடையாது."

பானையோடு பஸ் ஏறினேன். வீட்டுக்காரர் பானையைத் தொடவே இல்லை. "நேந்த பானைய யாராச்சும் திருப்பிக் கொண்டுவருவாகளா? தெய்வக் குத்தம்டி." இதற்கு மேல் என்ன ஆகக் கிடக்கிறது என்று கேட்டேன்.

மறுநாள் காலையில் பார்த்தால், சுடர் பானை முன்னால் உட்கார்ந்திருந்தான். துளைக்கு ஒரு புளியங்கொட்டையாகப் போட்டு, விழுகிற சத்தத்தைக் கேட்டுச் சிரித்தான். முக்கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் கயல் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தாள். திட்டின எனக்கும் ஆத்தா பதில் தந்துவிட்டாள். அடுப்படியில் நின்று அழுதேன்.

அன்றைக்கே வீட்டில் பாடம் தொடங்கினேன். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு டீச்சரை உத்தமபாளையத்தில் தேடிப் பிடித்து வழி கேட்டுக்கொண்டேன். கயல் திராட்சைப் பந்தலடி ஈர மண்ணில் விரலால் எழுதிப் படிக்கிறாள். சுடருக்கு நடந்துகொண்டேதான் பாடம். எல்லாம் சரியாகிவிடவில்லை, சில நாள் நானும் கத்திவிடுகிறேன். ஆனால் 'மக்கு' என்ற சொல் எங்கள் வாசலுக்குள் வராது.

இந்தச் சித்திரையில், தப்புக்கு மன்னிப்புக் கேட்டு அதே பானையைச் செலுத்தப் போனோம். வரிசையில் கயல் என் சேலையை இழுத்தாள்.

"அம்மா, இதுல ஆயிரம் கண்ணு இல்ல. எரநூத்திப் பன்னெண்டுதான். நானும் தம்பியும் மூணு தடவ எண்ணிட்டோம். இத்தன வருசமா யாருமே எண்ணிப் பாக்கலையா?"

யாரும் பார்க்கவில்லை. நானும்தான்.

பெற்றவர்களே, நல்ல வார்த்தை வராவிட்டால் கோபத்தோடேயே ஆத்தாளிடம் போங்கள். அவள் தாங்குவாள். உங்கள் பிள்ளையை யாராவது மக்கு என்றால், எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறீர்களா என்று கேளுங்கள்.