பெருங்கெண்டையை எண்ணிய மூன்று நாள்

கப்பலில் நான்கு இரவு கழித்துப் போர்ட் பிளேர் சேர்ந்த மறுநாள், புதன்கிழமை காலை ஆறு ஐம்பதுக்கு ஜங்லிகாட்டில் பஸ் ஏறினேன். கராச்சர்மா வரை முப்பது பைசா. இருக்கை இருபத்தாறு, ஆட்கள் நாற்பத்தொன்று. சொன்னதும் கண்டக்டர் சிரித்தார்.

"எண்ணிட்டீங்களா சாப்? அப்ப டிக்கெட்டும் நீங்களே குடுங்க!"

கராச்சர்மாவிலிருந்து மகன் சண்முகத்தோடு ஜீப்பில் மலை நீர்த்தேக்கத்துக்குப் போனேன். அவனுக்கு மீன்வளத் துறையில் வேலை. ஐந்து வருடமாய் வீட்டுக்கு வரவில்லை. தூண்டில்காரர்கள் விரும்பும் பெருங்கெண்டைக் குஞ்சுகளை மெயின்லேண்டிலிருந்து டின்களில் கொண்டுவந்து, வால் ஓரத்தை நறுக்கி அடையாளமிட்டு, இரண்டு வருடம் முன்பு இங்கே விட்டிருந்தான். எத்தனை பிழைத்தன என்று பார்க்க இப்போது மூன்று நாள் வலை. முப்பது மீனாவது அகப்படாவிட்டால் திட்டத்தை மூடி, அவனை ஊர்ப்பக்கமே மாற்றிவிடுவார்கள்.

குறிப்பேடு என் கையில். எங்கள் ஊர் ஏரியில் மீனைப் பிடிப்பதோடு சரி, எண்ணுவார் இல்லை. எண்ணிக்கை குறைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டேதான் எழுதினேன். ஆனாலும் ஒன்றைக்கூட விடவில்லை.

புதன் ஒன்பது. வியாழன் ஏழு, எனக்கு அட்டைக்கடி பதினான்கு. வெள்ளி பத்து மணிக்குள் ஆறு. மொத்தம் இருபத்திரண்டு. சண்முகம் காலி வலையைத் திரும்பத் திரும்ப உதறிப் பார்த்தான். ஊரில் அவன் மாடி அறைக்கு வெள்ளையடிக்க எத்தனை நாளாகும் என்று நான் கணக்குப் போட்டேன்.

ஓடை வந்து சேரும் மூலையில் கடைசி வலை. வங்காளத்திலிருந்து குடியேறிய படகுக்காரர் நிமாய் கத்தினார்:

"பச்சா! பஹுத் பச்சா, பாபு!"

பச்சாஸ் என்றால் ஐம்பது. அந்த அளவு இந்தி எனக்குத் தெரியும். 50 என்று எழுதினேன்.

எட்டிப் பார்த்த சண்முகம் வெடித்துச் சிரித்தான். "பச்சாஸ் இல்லப்பா, பச்சா! குஞ்சு!"

"அப்போ ஐம்பது இல்லையாடா?"

அவன் வலையிலிருந்த விரல்நீளக் குஞ்சுகளை ஒவ்வொன்றாய் எடுத்து வாலைப் பார்த்தான். எதிலும் நறுக்கு இல்லை.

"நாம விட்டது இல்லப்பா. இங்கயே பொறந்தது. இனிமே முப்பது கணக்கெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க. வருஷா வருஷம் நான் எண்ணணும்."

"லோக்கல் மச்லி, பாபுஜி!" என்றார் நிமாய். "மெயின்லேண்ட் நஹி ஜாயேகா!" இந்த ஊர் மீன், மெயின்லேண்டுக்குப் போகாதாம்.

சண்முகம் முழங்கால் தண்ணீரில் நின்றபடி என் தோளைப் பிடித்துக் குலுக்கினான். வேலை உத்தரவு வந்த அன்றுகூட அப்படித் தொட்டதில்லை. ஐம்பதை அடித்துவிட்டு, 'குஞ்சுகள், அடையாளம் அற்றவை' என்று எழுதினேன்.

ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் கப்பல். துறைமுகத்தில், "அடுத்த தடவ அம்மாவையும் கூட்டிட்டு வாங்கப்பா" என்றான். நீ எப்போது வருகிறாய் என்று கேட்கத்தான் கடல் தாண்டி வந்திருந்தேன்.

"இங்க மழை எந்த மாசம்டா விடும்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.