சங்கத்துச் சரிவும் சாமிப் பூவும்

"செயலற்ற உறுப்பினர் என்பவர் சங்கத்தின் நோக்கங்களை மனத்தளவில் ஆதரிப்பவர். தோட்ட வேலைகளில் பங்கெடுக்காதவர். கோடை விருந்துக்கு அழைக்கப்படுவார். விளைச்சலில் அவருக்கு உரிமை இல்லை."

சுவிஸ் நாட்டுப் பாடன் நகரின் ஓரத்திலுள்ள ஒரு குடும்பத் தோட்டச் சங்கத்தின் விதி இது. அந்தச் சங்கத்தில் ஜெயகௌரி தவராஜா சில வருடங்களாகச் செயலற்ற உறுப்பினர். அந்தக் காலத்தில் அங்கே அவரளவுக்கு மண்ணும் கல்லும் சுமந்தவர் எவருமில்லை. கோடை விருந்துக்கு மட்டும் அவர் போனதில்லை. விருந்தில் இறைச்சிச் சொசேஜ் சுடுவார்கள், அவர் சைவம்.

முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்யும் ஜெயகௌரிக்கு வேண்டியிருந்தது ஒரு துண்டு நிலம். மூன்றாம் மாடிப் பல்கனியில் வாளிகளில் கத்தரியும் மிளகாயும் வைத்திருந்தார். பாரம் கூடிவிட்டது, எல்லாவற்றையும் எடுக்க வேண்டும் என்று வீட்டு நிருவாகம் சொல்லிவிட்டது. சங்கம் அவரைச் செயலற்ற உறுப்பினராக மட்டும் சேர்த்துக்கொண்டது. அங்கே ஒரு தோட்டத்துண்டு காலியாக வேண்டுமானால் யாராவது சாக வேண்டும், அல்லது கோபித்துக்கொண்டு போக வேண்டும். சுவிஸ்காரர் இரண்டையும் அவசரப்படாமல் செய்பவர்கள்.

சங்கத் தலைவி ஹுன்சிக்கர் அம்மையார், ஓய்வுபெற்ற கணித ஆசிரியை, ஒரு வழி சொன்னார். வாசலில் ஒரு கற்சரிவு இருந்தது. மழை பெய்தால் அதன் மண் பாதைக்கு இறங்கிவிடும். அந்தச் சரிவை ஃப்ளொக்ஸ் கொடியால் மூடிவிட்டால், அது பூத்திருக்கும் காலத்தில் நிருவாகசபை வந்து பார்க்கும். திருப்தி என்றால் ஜெயகௌரி முழு உறுப்பினர். தண்ணீர்க் குழாயடியில் அடுத்துக் காலியாகும் துண்டு அவருக்கு. ஃப்ளொக்ஸ் என்பது கல்லோடு ஒட்டிப் படர்ந்து, வசந்தத்தில் இலையே தெரியாதபடி பூக்கிற சிறு செடி.

ஜெயகௌரி அதை யாழ்ப்பாணத்துப் புகையிலைக் கன்றைப் போல வளர்த்தார். மாட்டெரு போட்டார். வேலை முடிந்து வந்து நாள்தோறும் தண்ணீர் விட்டார். செடி நன்றியோடு கொழுத்தது, பூக்கவில்லை, பிறகு நடுவிலிருந்து அழுகத் தொடங்கியது.

"நீங்கள் இதற்கு அளவுக்கு மிஞ்சி நல்லது செய்கிறீர்கள்," என்றார் ஹுன்சிக்கர் அம்மையார்.

அன்று வீட்டில் ஜெயகௌரி கணவரிடம் முறையிட்டார். "தண்ணி விடக்கூடாதாம். பசளை போடக்கூடாதாம். சும்மா பாத்துக்கொண்டு நிக்கட்டாம். பிறகென்னத்துக்குத் தோட்டம்?"

"உமக்கு அதைவிடப் பெரிய தண்டனை ஒண்டும் இல்லை," என்றார் தவராஜா.

தண்டனையை ஜெயகௌரி ஏற்றுக்கொண்டார். கொழுத்த மண்ணை அள்ளி எறிந்தார். கற்களுக்கிடையே சரளையும் மணலும் கலந்து நிரப்பி, புதுக் கன்றுகளை ஒரு முழ இடைவெளியில் நட்டார். அவை வேர் பிடித்ததும் பூவாளியைக் கொண்டுபோய் ஹுன்சிக்கர் அம்மையாரிடம் ஒப்படைத்தார். தண்ணீர் விடாமல் இருப்பார் என்று ஜெயகௌரிக்குத் தன்மேலேயே நம்பிக்கை இல்லை.

அடுத்த சித்திரையில் சரிவு பூத்தது. கல்லுக்கு மேலால் இளஞ்சிவப்பு வழிந்து இறங்கியது. நாயோடு நடக்க வருபவர்கள் நின்று பார்த்தார்கள். நாய்களும் நின்று தங்களுக்கு வேண்டியதைச் செய்தன. நிருவாகசபை ஒரு சனிக்கிழமை காலை வருவதாக அறிவித்தது.

அதே வார இறுதியில் கோயிலில் இலட்சார்ச்சனை. கோயில் இருப்பது தொழிற்பேட்டையில், டயர்க் கடைக்கு மேல்மாடியில். அதன் பூப் பொறுப்பு தவராஜாவிடம் இருந்தது. லட்சம் தடவை நாமம் சொல்லும்போது தடவைக்கொரு பூ வேண்டும்; சின்னப் பூ என்றால் வசதி. பொறுப்பான மனிதரானபடியால் அவர் முதலில் குருக்களுக்கு அழைப்பெடுத்து, சரிவில் பூத்த பூ சாமிக்கு ஆகுமா என்று கேட்டார். நிலத்தில் விழுந்த பூ சாமிக்கு ஆகாது என்றார் குருக்கள். இது விழவில்லை, நிலத்திலேயே பூத்தது என்று தவராஜா விளக்கினார். குருக்கள் யோசித்துவிட்டு, அப்படியென்றால் குற்றமில்லை என்றார். மனைவியிடம் கேட்க வேண்டுமென்று இருவருக்கும் தோன்றவில்லை. வீட்டுக்காரி வளர்த்தது வீட்டுப் பூ. வீட்டுப் பூ முதலில் சாமிக்கு. வெள்ளி விடியலில் அவர் வாளிகளோடு போனார்.

பின்னேரம் வேலை முடிந்து வந்த ஜெயகௌரி, பாதி மழித்த தலையைப்போல நின்ற சரிவைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"இஞ்சருங்கோ, சரிவில பூ எங்க?"

"கோயிலில."

"முழுக்கவோ?"

"சீச்சீ. மேல் பாதி மட்டுந்தான். கீழ்ப் பாதியில நாயள் வந்து போறது. அதைச் சாமிக்கு வைக்கேலாதெல்லோ."

ஜெயகௌரி கதிரையில் உட்கார்ந்தார். "நாளைக்கு அவையள் பாக்க வருகினம்."

"நாளைக்கோ?" தவராஜா நாட்காட்டியைப் பார்த்தார். "விடியத் திரும்பப் பூக்காதோ? எங்கட நித்தியகல்யாணி மாதிரி?"

"வருசத்துக்கு ஒருக்காத்தான் பூக்கும். ஆரப்பா உங்களைப் பூப் பொறுப்புக்கு விட்டது?"

"மான் திண்டதெண்டு சொல்லும். போன வருசம் அந்தத் தலைவி மனிசியின்ர ரோசாவையும் மான் திண்டதுதானே."

"வாளி வைச்ச தடம் மண்ணில கிடக்கு. மான் வாளியும் கொண்டோ வந்தது?"

சனிக்கிழமை தலைவி, செயலாளர், பொருளாளர் என மூன்று பேர் வந்தார்கள். தவராஜா கோயிலிலிருந்து வேட்டியோடு நேரே வந்து, உதவியாக இருக்கட்டும் என்று வடையும் கொண்டுவந்திருந்தார். அவர்கள் சரிவைப் பார்த்தார்கள். பிறகு ஜெயகௌரியைப் பார்த்தார்கள்.

"என் கணவர் பறித்தார்," என்று அவர் ஜேர்மன் மொழியில் சொன்னார். "கோயிலுக்கு."

பொருளாளர் வடையைக் கடித்தபடி, இது விளைச்சலா என்று கேட்டார். விளைச்சலென்றால் செயலற்ற உறுப்பினருக்கு அதில் உரிமை இல்லை. செயலாளர் மறுத்தார்: உண்ண முடியாதது விளைச்சல் ஆகாது, சேதந்தான் ஆகும். விளைச்சல் என்று எழுதினால் இந்தப் பெண்மணி நன்றாக வளர்த்தார் என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்றார் பொருளாளர். நன்றாகத்தானே வளர்த்தார் என்றார் செயலாளர். வடை முடியும்வரை விவாதம் நடந்தது.

இறுதியில் ஹுன்சிக்கர் அம்மையார் முடிவைச் சொன்னார். மண் நகரவில்லை, பாதை சுத்தம், ஆனால் பேசிக்கொண்டது பூத்த சரிவைப் பற்றி. அடுத்த வருடம் மறுபடி பார்ப்பார்கள். குழாயடித் துண்டு இப்போது காலி. அது பட்டியலில் அடுத்தவருக்குப் போகும்.

"எனக்கும் வருத்தந்தான்," என்றார்.

"ஓம்," என்றார் ஜெயகௌரி தமிழில்.

அவர்கள் போனபின் தவராஜா மெல்லச் சொன்னார், "மான் எண்டு சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா வேலி போடு எண்டிருப்பினம். மானுக்குப் போடலாம். உங்களுக்கு எப்பிடிப் போடுறது?"

தவராஜா வெறும் வடைப் பாத்திரத்தை மூடினார். "குழாயடித் துண்டு நல்ல துண்டு," என்றார்.

"தெரியும். கோயிலுக்குப் போங்கோ. அர்ச்சனை தொடங்கியிருக்கும்."

அவர் போனார். ஜெயகௌரி பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, சரிவின் கீழ்ப் பாதியையும் மேல் பாதியின் மட்டத்துக்கு வெட்டினார். வெட்டியதில் நீளமான கொடிகளைத் தெரிந்தெடுத்து, வேர் விடட்டும் என்று வெறுமையாகத் தெரிந்த இடங்களில் செருகி, ஒவ்வொன்றின்மேலும் ஒரு சிறு கல் வைத்தார். பூக்களைக் கழுவி, திங்கட்கிழமை முதியோர் இல்லத்துச் சாப்பாட்டு மேசைகளில் வைத்தார்.