பூவும் பாண்டிக்கட்டமும்

போனில் எண்களுக்குக் கீழே இருக்கிற இரண்டு குறிகளுக்கும் எங்கள் வீட்டில் பெயரே வேறு. இடப்பக்கம் இருப்பது பூ, வலப்பக்கம் பாண்டிக்கட்டம். அம்மா வைத்த பெயர்கள். அம்மாவுக்கு வந்த போனை எடுக்கத்தான் தெரியும், போடத் தெரியாது.

மதுரையில் அப்பாவுக்கு நெஞ்சு ஆபரேஷன். கூடச் சித்தப்பா இருந்தார். திருச்சுழிப் பக்கத்து எங்கள் ஊரில் அம்மாவும் நாலாப்புப் படித்த நானும். விடிந்ததுமே நரிக்குடியிலிருந்து மாமா வந்துவிட்டார். ஆட்டு யாவாரி.

"அக்கா, போனைக் குடு. டவரு சரி பண்ணித் தாரேன்."

அவர் அழுத்த அழுத்த நான் எட்டிப் பார்த்து, "பூ, பூ... கட்டம்!" என்று கத்தினேன்.

"ஏ புள்ள, இது ஸ்டாரு, அது ஹேஷு. என்னத்தப் படிக்கிற?"

அதோடு அம்மாவின் போன் அடிக்கவே இல்லை. அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தாள். சாமி படத்துக்கு முன்னால் வைத்து, அதற்கும் திருநீறு பூசினாள். "ஈஸ்வரா, ஒரு சத்தம் குடுப்பா." உலை கொதித்து வற்றியது. அரிசி போடவில்லை.

மாமாவின் போன்தான் ஓயாமல் அடித்தது. ஒவ்வொரு தடவையும் கருவேல மரத்தடிக்கு ஓடுவார். திரும்பி வந்து, "யாவாரம்க்கா" என்பார்.

"ஒன் போனுக்கு மட்டும் எங்கருந்துடா டவரு வருது?"

"இது வேற கம்பெனிக்கா."

"அத்தான் உசுருக்குக் கெடக்காக, ஒனக்கு ஆடு கேக்குதோ?"

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மறுபடியும் மரத்தடிக்குப் போனார். எனக்கும் அவர் மேல் ஆத்திரம்தான்.

பொழுது சாயும்போது அம்மாவின் போனை வாங்கி, கட்டம், கட்டம் என்று எதையோ அழுத்தினார். சற்று நேரத்தில் அது அடித்தது. சித்தப்பா.

"கண்ணு முழிச்சுட்டாக மதினி. ஒங்களத்தான் கேட்டாக."

அம்மா போனோடு சாமி முன்னால் விழுந்தாள்.

அம்மாவுக்கு வருகிற போனையெல்லாம் மாமா தன் போனுக்குத் திருப்பி வைத்திருந்ததும், நடுவில் ஒரு தரம் அப்பாவின் நெஞ்சுத் துடிப்பு நின்று மீண்டதும் நான் வளர்ந்த பிறகு சித்தப்பா சொல்லித்தான் தெரியும். ஈசன் கைவிடவில்லை.

அன்றைக்கு நான் கண்டது, மரத்தடியில் மாமா துண்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுததைத்தான். யாவாரத்தில் நட்டம் போல என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன்.

"விடுங்க மாமா, அடுத்த சந்தையில பாத்துக்கலாம்."