கஞ்சி மணி

என் வீட்டு ஷோகேஸில் ஒரு பித்தளைக் கைமணி இருக்கிறது. வருகிறவர்கள் எடுத்து ஆட்டிப் பார்ப்பார்கள். சத்தம் வராது. உள்ளே நாக்கு இல்லை. "என்ன ஆன்ட்டி, உடைஞ்சுபோச்சா?" என்பார்கள். உடையவில்லை. என் மாமியார் குறடு வைத்துப் பிடுங்கிப் போட்டார். அத்தை என்றுதான் அவரைக் கூப்பிடுவேன்.

அறுபதுகளில் காலரா வந்த ஒரு கோடை. நான் கல்யாணமாகி மேற்குத் தாம்பரத்துக்கு வந்த புதிது. அத்தை டீச்சர், பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். ஆனால் சும்மா உட்காருகிற பிறவியா அவர்? சோறு வடிக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே போட்டுவைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோய்ப் படைப்பது எங்கள் கிறிஸ்தவ சபை வழக்கம். அந்தப் பிடி அரிசியைப் போதகர் ஐயரிடம் சண்டை போட்டு வாங்கிவந்தார். அறுப்பின் பண்டிகைக்குச் சமைக்கிற அண்டாவை எங்கள் கொல்லையில் ஏற்றினார். உப்புக் கஞ்சியும் கொதிக்கவைத்த தண்ணீரும் தயாராகும். தெருப் பால்காரர் தன் தள்ளுவண்டியில் ஏற்றித் தள்ளுவார். முன்னால் அத்தை பள்ளிக்கூடத்து மணியை ஆட்டிக்கொண்டு நடப்பார், கஞ்சி ஊற்றுவது நான். மணிச் சத்தம் கேட்டதும் வீட்டுக்கு ஒருவர் பாத்திரத்தோடு கேட்டுக்கு வரவேண்டும். கிட்டே வந்து பேசக்கூடாது, வண்டியைத் தொடக்கூடாது. பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் வரைக்கும் அதற்குக் கஞ்சி மணி என்றே பெயர்.

தெருக்கோடியில் மீன்காரம்மா குடியிருந்தாள். பள்ளிக்கரணைக்கும் அப்பால் கடலோரக் குப்பத்திலிருந்து வந்தவள். புருஷன் படகோடு அங்கேயே இருக்க, சின்ன மகளை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே தெருத்தெருவாக மீன் விற்றாள். காலரா மீன்கூடையோடுதான் வருகிறது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அவளுக்கு வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரர் நடுத்தெருவில் நின்றே கத்தினார்: "ஒரு வாந்தின்னு காதுல விழுந்தாப் போதும், சாமானை எல்லாம் வெளிய எறிஞ்சிடுவேன்." இவரெல்லாம் ஒரு மனுஷன்! அடுத்த வாரமே அவள் வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. அம்மை போட்டிருக்கிறது என்று தெருவே ஒதுங்கிக்கொண்டது. அம்மன் இறங்கியிருக்கிற வீட்டில் யார் போய்ச் சாமானை எறிவார்கள்? வீட்டுக்காரரும் வாயை மூடிக்கொண்டார்.

அம்மை வீட்டுக்குள் வெளியாள் போகக்கூடாது, தாளிச்ச வாசனை ஆகாது. இதெல்லாம் தெரியாமல் அத்தை முன்னொரு தடவை அப்படி ஒரு வீட்டுக்கு ரசம் கொண்டுபோய், வசமாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். வேதக்காரங்களுக்கு எங்க சாமின்னா இளக்காரமா என்று கேட்டுவிட்டார்களாம். அந்தச் சூடு அவருக்கு ஆறவே இல்லை. அதனால் மீன்காரம்மா வாசலில் மட்டும் வண்டி நிற்காது. "அவங்க சாமி காரியம். நாம மரியாதையா விலகிப் போயிடணும்" என்பார். மணியை ஆட்டியபடியே தாண்டிப் போவோம். நல்ல மனசோடுதான் தாண்டிப் போனோம்.

ஒரு நாள் காலை அந்த வாசலைத் தாண்டும்போது பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டார்.

"இன்னா டீச்சரம்மா இது, எல இப்டி காஞ்சி கீது?"

"காஞ்சா என்னப்பா?"

"அம்மை வூட்ல எலைய காய வுடமாட்டாங்கம்மா. வாடறதுக்கு முன்னயே புச்சு சொருகிடுவாங்க."

நான் பார்த்தேன். கொத்து பழுப்பேறிச் சுருண்டுபோய், காற்றில் சரசரவென்றது. அத்தை கையிலிருந்த மணியை வண்டியில் போட்டுவிட்டு ஓடினார். கதவைத் தட்டினார், கூப்பிட்டார். பதில் இல்லை. பால்காரர் தோளால் முட்டித் தாழ்ப்பாளைப் பெயர்த்தார்.

ஐயோ, அந்த நாற்றம்! மீன்காரம்மா பாயில் ஒருக்களித்துக் கிடந்தாள். உயிர் எப்போதோ போயிருந்தது. அம்மையாவது ஒன்றாவது, உடம்பில் ஒரு முத்துகூட இல்லை. பக்கத்தில் அந்தக் குழந்தை, கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக, உயிரோடு உட்கார்ந்திருந்தது. எங்களைப் பார்த்ததும், "அம்மா தூங்குது, சத்தம் போடாதீங்க" என்றது. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

குழந்தையை எங்கள் வீட்டுக்குத் தூக்கிவந்தோம். கஞ்சித் தண்ணியைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தபோது கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னது. முதலில் வாந்தி எடுத்தது அதுதான். "வூட்டுக்காரரு தொரத்திடுவாருன்னு அம்மா எல கட்டிச்சு." மகளைத் தேற்றிவிட்டாள். பிறகு அவளே விழுந்துவிட்டாள். தினமும் கஞ்சி வாசலோடு போய்க்கொண்டிருந்தது. "மணி கேட்டுதே, ஏன் கண்ணு கூப்பிடல?" என்று அத்தை கேட்டார். குழந்தை கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் பதில் கிடைத்தது. யார் செத்தாலும் மற்றவர்களுக்குப் பசிக்கும் அல்லவா, வண்டி கிளம்பியாக வேண்டும். அத்தை வாசலில் மணியை எடுத்து ஆட்டினார். உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்த குழந்தை சட்டென்று இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டது. மூச்சுகூட விடவில்லை. மணி நிற்கும்வரை அப்படியே இருந்தது. மணி கேட்டால் வாயைத் திறக்கக்கூடாது, நாம் இருப்பது வெளியே தெரியக்கூடாது என்று தாய் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அந்தத் தாய் செத்த பிறகும், பசியோடு, குழந்தை அதையே செய்திருக்கிறது.

"அத்தை, இங்க வந்து பாருங்க" என்றேன். அவர் மணி குலுங்க உள்ளே வந்தார், குழந்தையின் கை மறுபடி வாய்க்குப் போனதைப் பார்த்தார். மாமனாரின் கருவிப் பெட்டியிலிருந்து குறடு எடுத்துவந்து மணியின் நாக்கைப் பிடுங்கினார். அழவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு வாசலிலும் கதவைத் தட்டினார். வேப்பிலை கட்டிய வாசல் என்றால் இன்னும் பலமாகத் தட்டினார். "திட்டட்டும். திட்டுறதுக்கு ஆளு இருக்குன்னு தெரியுதுல்ல? குரல் கேட்காம நகராதே" என்பார். சாகும்வரை அந்த வீட்டுப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. செய்தி கேட்டு அந்த வாரமே குப்பத்திலிருந்து தகப்பன் வந்து, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

கொரோனாவின்போது எங்கள் அடுக்குமாடியில் ஒரு கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். குடியிருப்புப் பையன்கள் சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கைப்பிடியில் மாட்டி, பெல்லை அடித்துவிட்டு விலகிப் போவார்கள். தங்கமான பிள்ளைகள், குறை சொல்லமாட்டேன். ஒரு நாள் காலையில் மாட்டியது மத்தியானமும் தொங்கிக்கொண்டிருந்தது. கைத்தடியால் அந்தக் கதவை இடி இடி என்று இடித்தேன். "ஆன்ட்டி, உங்களுக்கு ஏன் இந்த வேலை, உள்ள போங்க!" என்று கீழேயிருந்து கத்தினார்கள். போகவில்லை. கடைசியில் உள்ளேயிருந்து எரிச்சலாக ஒரு குரல் வந்தது: "யாரது? தூங்கவிடமாட்டீங்களா?" அவ்வளவு இனிமையான திட்டை நான் கேட்டதே இல்லை.

வீட்டுக்கு வந்து ஷோகேஸின் முன்னால் நின்றேன். அந்தப் பெண் எங்கேயாவது பேரன் பேத்தியோடு இருப்பாள். நல்லா இருக்கட்டும். எங்காவது ஒரு மணி அடித்தால், இன்னமும் அவள் கை வாய்க்குப் போகிறதோ என்னவோ.