டேப் ஒட்டிய நீலப் படம்

எனிட் என் அண்ணன் வில்ஃபின் மனைவி. இங்கிலாந்தில் எங்கள் ஊரான ஹாலிஃபாக்ஸில், பெண்கள் பள்ளியில் ஓவிய டீச்சராக இருந்தாள். மற்ற நேரமெல்லாம் பின்பக்கத்துப் படுக்கையறையில் கட்டமும் கோடுமாக வரைந்து தள்ளினாள். அதைப் படம் என்று எங்கள் தெருவில் யாரும் ஒத்துக்கொண்டதில்லை.

"என்ன டோரீன், உன் அண்ணி இன்னும் தரைவிரிப்புக்கு டிசைன் போட்டுக்கிட்டுத்தான் இருக்காளா?" என்று கறிக்கடை வரிசையில் கேட்பார்கள்.

"உங்க வீட்டுத் தரை இருக்கிற லட்சணத்துக்கு ஒண்ணு வாங்கிப் போடலாம்" என்பேன். எனக்கும் அந்தப் படங்கள் புரியாதுதான். அதற்காக எங்கள் வீட்டுப் பெண்ணை வெளியாள் கிண்டல் செய்ய விடுவேனா?

வில்ஃப் கம்பளி மில்லில் வேலை பார்த்தான். பிரஷ் பிடிக்கத் தெரியாது. ஆனால் அவள் படத்தில் அவனுக்கு ஒரு வேலை உண்டு. எனிட் முதலில் ஒரு நிறத்தைப் பூசுவாள். அதன்மேல் கோடு வர வேண்டிய இடத்தில் காகித டேப் ஒட்டி, சுற்றிலும் வேறு நிறம் பூசுவாள். அது காய்ந்ததும் டேப்பைப் பிரித்தால் அடியிலிருந்து முதல் நிறம் கத்தி மாதிரி நேர்கோடாக வெளியே வரும். பிரிப்பது வில்ஃபின் வேலை. அவன் முடிக்கும்வரை இவள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வீட்டில் அவர்கள் ஆடிய ஒரே விளையாட்டு அது.

நீலப் படத்துக்கு அடியில் மஞ்சள் பூசியிருந்தாள். மஞ்சளைத் தேர்ந்தெடுத்தவன் வில்ஃப். "சாயங்காலம் வந்து பிரிக்கிறேன், நீ தொட்டுறாதே" என்று சொல்லிவிட்டு மில்லுக்குப் போனவன் தறிக்குப் பக்கத்திலேயே விழுந்து செத்துப்போனான். அதன் பிறகு அவள் அந்த அறைக் கதவைத் திறக்கவே இல்லை. சில மாதம் கழித்து லண்டனிலிருந்து ஒரு வியாபாரி வந்து, இருந்த படங்களையெல்லாம் விலை பேசி வாரிக்கொண்டு போனான். எதைக் கொடுத்தோம் என்ற நினைப்பே அப்போது அவளுக்கு இல்லை.

இப்போது எண்பது தாண்டிவிட்டாள். ஆயுசு முழுக்க வரைந்ததையெல்லாம் திரட்டி ஒரு பெரிய கலைக்கூடத்தில் கண்காட்சி வைத்தார்கள். கடைசி அறையில், தனிச் சுவரில், அந்த நீலப் படம். டேப் பழுத்துப் பழுப்பாகிவிட்டிருந்தது. ஓவியர் வேண்டுமென்றே டேப்பை விட்டுவைத்து, மறைத்தலின் அழகைக் காட்டுகிறார் என்று பக்கத்தில் எழுதி ஒட்டியிருந்தார்கள். எனக்கு வந்ததே கோபம்.

எனிட் கோபப்படவில்லை. கண்காட்சியை அமைத்த ரோவெனா என்ற பெண்ணைக் கூப்பிட்டாள். "இது முடிக்காத படம்மா. பிரிச்சு முடிச்சுர்றேன். கண்ணு மங்கிக்கிட்டே வருது, இந்தக் குளிர்காலத்துக்கு மேல நிறம் தெரியாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அதுக்குள்ள அந்த மஞ்சளை ஒரு தடவை பாத்துரணும்."

ரோவெனாவுக்கு முகம் வாடிவிட்டது. நல்ல பெண். "படம் எங்களோடது இல்லையே, எனிட். வாங்கினவர் வெளிநாட்டுல இருக்கார். கேட்டுப் பாக்கிறேன்" என்றாள்.

கேட்டாள். டேப்போடுதான் வாங்கினேன், டேப்தான் படமே என்று பதில் வந்தது. கூடவே எனிட்டுக்கு ஒரு கூடை ரோஜாப்பூவும் வந்தது.

"வரைஞ்சது நீ. வேணாங்கிறதுக்கு அவன் யாரு?" என்று குதித்தேன்.

"வித்தாச்சே, டோரீன்."

ஒரு செவ்வாய்க்கிழமை, கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, பஸ் பிடித்து இருவரும் மறுபடி போனோம். கடைசி அறையில் எங்களைத் தவிர யாருமில்லை. எனிட் கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டுப் படத்துக்கு அருகே போய், மூக்கு உரசுகிற மாதிரி நின்றாள். கை மெல்ல மேலே போனது. டேப்பின் ஓரத்தில் நகத்தை வைத்தாள்.

"தொடாதீங்கம்மா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அறையைக் காவல் காக்கிறவர், வயதான மனிதர், அதட்டாமல் சொன்னார். "வர்றவங்க எல்லாருக்கும் இதைப் பிச்சுப் பாக்கத்தான் கை வருது. வரைஞ்ச அம்மா உசுரோட இருக்காங்களாம். கேள்விப்பட்டா மனசு சங்கடப்படாதா?"

நான் வாயைத் திறந்தேன். எனிட் என் கையை அழுத்தினாள்.

"சங்கடப்படத்தான் செய்யும்" என்றாள். "மன்னிச்சுருங்க."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் நான் பொரிந்து தள்ளினேன். "நான்தான் அந்த அம்மான்னு சொல்ல வேண்டியதுதானே? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"சொல்லி என்ன ஆகப்போகுது? நெம்பிப் பாத்துட்டேன், டோரீன். அசையல. எலும்பு மாதிரி இறுகிக் கெடக்கு. இனிமே யாரு பிச்சாலும் மஞ்சளும் கூடவே வந்துரும்." என்னிடமிருந்து கைத்தடியை வாங்கிக்கொண்டாள். "அன்னிக்குச் சாயங்காலமே எடுத்திருக்கணும். என் தப்புதான்."

அவள் சொன்ன அந்தச் சாயங்காலம் அவளும் நானும் ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் நின்றுகொண்டிருந்தோம். அதை நான் அவளுக்கு ஞாபகப்படுத்தவில்லை.