பலகார டப்பாவில் போன கேப்சூல்

1. சூடு

தென்காசியில் தோல் கிளினிக் திறந்த முதல் நாளே எனக்கு ஒன்று புரிந்துவிட்டது. இந்த ஊரில் வாய்ப்புண்ணுக்கு டாக்டரிடம் வருவது மிகக் கடைசியில்தான். அதற்கு முன்பே பக்கத்து வீடு, டீக்கடை, மெடிக்கல் ஷாப், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர் என்று எல்லோரும் பார்த்து முடித்திருப்பார்கள். டயக்னோசிஸ் எல்லோருக்கும் ஒன்றுதான்: சூடு. மணத்தக்காளிக் கீரை, தேங்காய்ப்பால், மஞ்சள் நிறச் சத்து மாத்திரை. அதற்கும் கேட்காவிட்டால் சாரல் சீசனில் ஐந்தருவிக் குளியல். தலையில் தண்ணீர் விழுந்தால் வாயில் எப்படிப் புண் ஆறும் என்று ஒருவரிடம் கேட்டேன். வெளியூர் டாக்டர், பாவம், என்பதுபோல் பார்த்தார்.

சாதாரண வாய்ப்புண் எதுவுமே செய்யாவிட்டாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானாக ஆறிவிடும். அந்த நேரத்தில் எதைச் சாப்பிட்டோமோ அதற்குப் பேர் கிடைத்துவிடும். இப்படிப் பேர் வாங்கிய வைத்தியங்கள் இந்தப் பக்கம் ஏராளம். என் களிம்புகளில் சிலவற்றையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம்.

2. உப்புப் பார்க்க முடியாத மாஸ்டர்

சங்கரலிங்கம் அண்ணாச்சியின் புண் அந்த ரகமில்லை. மேலகரத்துக்காரர், கல்யாணச் சமையல் மாஸ்டர். நாக்கின் ஓரம், கன்னத்தின் உள்பக்கம், தொண்டை வரைக்கும் பெரிய பெரிய குழிகள். ஒன்று ஆறுவதற்குள் அடுத்தது வந்துவிடும். வருஷக்கணக்காக இதே கதை.

"சாம்பார்ல உப்புப் பாக்க முடியலம்மா. நாக்குல பட்டா உசிரு போகுது. இலையில உக்காந்தவன் உப்பு கூடிப்போச்சுன்னு சொல்லிட்டாம்னா, பெறவு எவன் என்னைய கூப்பிடுவான்?"

ஒரு கல்யாணத்தில் அது நடந்தேவிட்டது. தன் நாக்கைத் தவிர வேறு நாக்கை அவர் நம்பியதில்லை. அன்று வேறு வழியில்லாமல் உதவியாளைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அவர் பதில் சொல்வதற்குள் மனசு கேட்காமல் இவரே இன்னொரு கை உப்பை அள்ளிப் போட்டுவிட்டார். அந்த ரசத்தைப் பற்றி தென்காசியில் இன்றும் பேசுகிறார்கள்.

படிப்படியாகத்தான் போனேன். ரத்தத்தில் இரும்புச் சத்தும் பி-12-உம் குறைவாக இருந்தன, சரிசெய்தோம். கண்ணில் வீக்கம், பிறப்புறுப்பில் புண் ஏதாவது உண்டா என்று பார்த்து, உடம்பு முழுக்கப் பரவும் நோய் இல்லை என்று உறுதி செய்தேன். ஸ்டீராய்டு களிம்பு தடவினார், ஸ்டீராய்டு கரைத்து வாய் கொப்பளித்தார். அரைகுறையாகத்தான் கேட்டது. கோல்ச்சிசின் மாத்திரை கொடுத்தேன். வயிற்றைக் கலக்கியது, அண்டா பக்கத்தில் நிற்க வேண்டியவர் வேறு இடத்தில் உட்கார்ந்திருந்தார். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையில் புண் மாயமாக ஆறியது. டோஸைக் குறைத்ததும் பழையபடி வந்தது, சுகர் மட்டும் ஏறியது.

கடைசியில் தாலிடோமைடு. மற்றதெல்லாம் தோற்ற பிறகு மட்டுமே தொட வேண்டிய மருந்து. ஒரு காலத்தில் வெளிநாடுகளில் கர்ப்பிணிகளுக்கு மசக்கைக்கென்று கொடுத்ததில், பிள்ளைகள் கைகால் வளராமல் பிறந்தார்கள். கர்ப்பத்தின் ஆரம்பத்தில் ஒரே ஒரு கேப்சூல் போதும்.

இந்த மருந்து ஆணின் விந்திலும் கலக்கும் என்பதால், அவருடைய மனைவிக்கு மாதவிடாய் நின்றுவிட்டதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தூக்கம் வரும், மலச்சிக்கல் வரும், பாதம் மரத்துப்போனால் உடனே வர வேண்டும் என்றேன். வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது, அதுவும் கர்ப்பிணிக்குக் கொடுக்கவே கூடாது என்று மாத்திரை அட்டையில் கர்ப்பிணி மேல் குறுக்குக் கோடு போட்டிருந்த படத்தைக் காட்டியே சொன்னேன். அவர் சிரித்தார்.

"நான் என்னம்மா, புள்ளையா பெக்கப் போறேன்?"

3. தாய்மாமன் கடமை

புண் ஆறியது. அண்ணாச்சி அடுத்த முறை வந்தபோது எனக்கு வாயைத் திறந்து காட்டினார், பிறகு வெயிட்டிங் ஹாலில் இருந்தவர்களுக்கும் காட்டினார். இங்கே ஒரு வழக்கம் உண்டு. தனக்குக் கேட்ட மருந்தைத் தானே வைத்துக்கொள்பவன் கஞ்சன். பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை எல்லாம் கறிவேப்பிலை மாதிரி வீடு மாறிப் போகும்.

அண்ணாச்சி கஞ்சன் இல்லை. அதை அவரே பெருமையாகச் சொன்னார். தங்கை மகள் மீனாவை வைகாசியில் சுந்தரபாண்டியபுரத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவளுக்கு வாய்ப்புண், சாப்பிட முடியவில்லை என்று கேள்விப்பட்டதும் தாய்மாமன் பலகாரம் சுட்டுக்கொண்டு போயிருக்கிறார். அதிரச டப்பாவுக்குள் நாலைந்து கேப்சூலையும் வைத்திருக்கிறார்.

அத்தனை சொல்லியும் கொடுத்தீர்களா என்று கேட்டேன்.

"மாசமா இருக்க புள்ளைக்குத்தான குடுக்கப்படாதுன்னீய? அவளுக்கு இப்பந்தான கல்யாணம் முடிஞ்சிருக்கு. நான் அதெல்லாம் யோசிச்சுத்தாம்மா குடுத்தேன்."

யோசித்திருக்கிறார். அதுதான் பயமாக இருந்தது. உடனே அந்தப் பெண்ணை அழைத்து வரச் சொன்னேன். காரணத்தைச் சொன்னதும் அண்ணாச்சி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். போனை நான்தான் போட்டுக் கொடுத்தேன்.

மாமியார் கோமதியம்மாளோடு மீனா வந்து சேர்ந்தாள். கர்ப்ப டெஸ்ட் கார்டில் இரண்டு கோடு. கோமதியம்மாளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அண்ணாச்சி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

மாமா கொடுத்த மருந்தைச் சாப்பிட்டாயா என்று மீனாவிடம் கேட்டேன். அவள் மாமியாரை ஒரு முறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"டப்பாவ அத்தைகிட்ட குடுத்துட்டேன் டாக்டர்."

பிறந்த வீட்டிலிருந்து எது வந்தாலும் முதலில் மாமியார் கைக்குத்தான் போக வேண்டும். அவர் திறந்து பார்த்து, எடுத்துக் கொடுப்பதுதான் மருமகளுக்கு. அந்த வீட்டுச் சட்டம் அது. கோமதியம்மாள் பத்திரமாக எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார். அப்படியானால் எல்லாவற்றையும் இப்போதே கொண்டுவரச் சொல்லுங்கள், நான் பார்க்க வேண்டும் என்றேன். அவர் சேலைத் தலைப்பை முறுக்கத் தொடங்கினார்.

மறைக்காமல் சொன்னேன். இவள் அதில் ஒன்றை விழுங்கியிருந்தாலும் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குக் கையோ காலோ வளராமல் போகலாம். நடந்தது நடந்தபடி எனக்குத் தெரிய வேண்டும்.

சம்பந்தி வீட்டு ஆள் எதிரில், மருமகள் எதிரில் அவர் சொல்ல வேண்டியிருந்தது.

"அவளுக்கு ஒண்ணுகூட குடுக்கல டாக்டர். எனக்கும் வாயில புண்ணு கெடந்துச்சு. எல்லாத்தையும் நாந்தான் போட்டேன்." யாரும் கேட்காமலே, மெதுவாகச் சேர்த்துக்கொண்டார். "அதிரசமும் குடுக்கல."

மீனா ஆமென்று தலையை ஆட்டினாள். அந்த நாட்களில் அத்தை பகலெல்லாம் படுத்தே கிடந்ததாகவும், வயிறு போகவில்லை என்று கடுக்காய் இடித்துக் கேட்டதாகவும் சொன்னாள். இந்த மருந்து அதைத்தான் செய்யும். எனக்கு மூச்சு வந்தது. மாமியார்களைப் பற்றி எத்தனையோ புகார் கேட்டிருக்கிறேன். ஒரு மாமியாரின் பேராசைக்காக எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டது அன்று மட்டும்தான்.

4. விரல்கள்

அண்ணாச்சிக்கு மருந்தை நிறுத்தவில்லை. அவருக்கு நாக்குதான் சோறு. ஆனால் அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுத்தேன். காலி அட்டை வந்தால்தான் அடுத்த அட்டை. அட்டை அவர் மனைவியின் பீரோவில், சாவி அந்த அம்மாளின் இடுப்பில்.

இளம் டாக்டர்களுக்கு நான் சொல்வது இதுதான். 'கர்ப்பிணிக்குக் கூடாது' என்று சொல்லி நிறுத்தாதீர்கள். கர்ப்பம் என்று அவளுக்கே தெரியாத நாட்கள் உண்டு. ஆபத்து அந்த நாட்களில்தான். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், கல்யாணமாகிப் போன பெண்கள் எங்கே இருக்கிறார்கள், பலகாரம் எந்த வழியாக எந்தக் கைக்குப் போகும் என்று கேளுங்கள். அதைக் கேட்டுவிட்டுப் பேனாவை எடுங்கள்.

மீனாவின் பிள்ளைக்குக் காதுகுத்து வைத்தார்கள். சமையல் அண்ணாச்சிதான், உப்பு சரியாக இருந்தது. எல்லோரும் குழந்தையின் முகத்தைப் பார்த்து யார் சாயல் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ பக்கத்தில் வந்து நின்றதுபோல் இருந்தது, திரும்பினேன். கோமதியம்மாள். அவர் கண்ணும் அந்த விரல்களில்தான் இருந்தது.

பந்தியில் மீனாவின் இலையில் அதிரசம் குவிந்து கிடந்தது. வைத்தது அவள் மாமியார்.